பிடித்துச் சேர்ப்பதா, கழித்துக் கட்டுவதா? கார்டு சண்டையும் மான்ஸ்டர் சேகரிப்பும் கலந்த ஆர்பிஜிகளில் எதை எடுப்பது

கார்டு வைத்துச் சண்டை போடும் கேமும் பிடிக்கும், மான்ஸ்டர்களைப் பிடித்துச் சேர்க்கும் கேமும் பிடிக்கும் என்பவர்களுக்கு, இரண்டும் கலந்த ஒரு ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஒரு உலகத்தைச் சுற்றி வரும் கேம்) கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். தேடிப் பார்த்தால் ஒன்றுக்கு நாலாகவே கண்ணில் படும். ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாம் ஒரே சாயல்: கீழே நாலைந்து கார்டு, மேலே விசித்திரமான ஒரு பிராணி, அதன் தலைக்கு மேல் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு. ஆனால் இரண்டு மணி நேரம் ஆடிப் பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்பது தெரிந்துவிடும். தப்பான ஒன்றை எடுத்தால், நன்றாகச் செய்யப்பட்ட கேமாக இருந்தும் பாதியில் மூடி வைக்க வேண்டியதாகும்.

இதற்குக் காரணம், நாம் ஒன்றாகக் கேட்கிற இரண்டு விஷயங்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

மான்ஸ்டர் சேகரிக்கும் கேமின் சுகம் எண்ணிக்கையில் இருக்கிறது. புதரிலிருந்து புதிதாக ஒன்று எட்டிப் பார்த்தால், அது பலசாலியோ நோஞ்சானோ, பிடித்தே ஆக வேண்டும். பட்டியலில் காலியாக இருந்த ஓர் இடம் நிரம்பும்போது வருகிற நிறைவுக்காக மணிக்கணக்கில் அலைவோம். கார்டு சண்டை இதற்கு நேர்மாறு. அங்கே டெக், அதாவது ஆட வைத்திருக்கும் கார்டுக் கட்டு, மெலிய மெலியத்தான் பலம். ஸ்லே தி ஸ்பையரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் முழுமையாக வெளிவந்த அந்த கேமின் தாக்கம் இல்லாமல் இன்று டெக் கட்டும் கேம் ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். அதில் அயர்ன்கிளாட் என்ற வீரன் 10 கார்டோடு ஆரம்பிக்கிறான். ஒரு டர்னுக்கு, அதாவது ஆடும் முறை ஒன்றுக்கு, 5 கார்டு கைக்கு வரும். ஆக, உங்களிடம் உள்ள நல்ல கார்டு இரண்டு டர்னுக்குள் வந்தே தீரும். கிடைத்ததையெல்லாம் சேர்த்து டெக்கை 30 ஆக்கிவிட்டால், அதே கார்டுக்கு ஆறு டர்ன் வரை காத்திருக்க நேரலாம். அதற்குள் சண்டையே முடிந்திருக்கும். அதனால்தான் அந்த கேமின் கடைக்காரரிடம் காசு கொடுத்து ஒரு கார்டை டெக்கிலிருந்து தூக்கிவிடும் வசதி இருக்கிறது. முதல் தடவை 75 தங்கம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் 25 கூடும். ஆடத் தெரிந்தவர்கள் அதைக் கொடுத்தும் தூக்குவார்கள்.

சேர்க்கச் சொல்லும் ஆசையும் குறைக்கச் சொல்லும் கணக்கும் ஒரே கேமுக்குள் வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கேமும் இந்த முடிச்சை ஒவ்வொரு விதமாக அவிழ்த்திருக்கிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய, படம் எப்படி இருக்கிறது, கதை எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம்விட, நீங்கள் பிடித்த பிராணி டெக்கில் எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று பார்ப்பதுதான் பயன்படும் என்பது என் எண்ணம். பிராணியே கார்டா, அல்லது பிராணி தன் கார்டுகளைக் கொண்டு வருகிறதா, அல்லது பிராணி பெட்டியில் கிடக்க அதன் ஒரு வித்தை மட்டும் உங்கள் கையில் இருக்கிறதா?

முதலில் மூன்ஸ்டோன் ஐலண்ட். ஸ்டூடியோ சூப்பர்சாஃப்ட் செய்தது, 2023 செப்டம்பரில் கணினிக்கு வந்தது, மறு வருடம் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும் வந்தது. வானத்தில் சுமார் நூறு தீவுகள் மிதக்கும். ரசவாதம் பழகுகிற ஓர் இளைஞராக வீட்டை விட்டுக் கிளம்பி, பலூனிலும் துடைப்பத்திலும் ஏறித் தீவு தீவாகப் போகிறீர்கள். தோட்டம் போடலாம், ஊர்க்காரர்களோடு பழகலாம், காதலிக்கலாம். காட்டில் ஸ்பிரிட் என்று அழைக்கப்படும் பிராணிகள் திரிகின்றன. சண்டைக்கு மூன்று ஸ்பிரிட்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒவ்வொன்றும் தனக்கென்று சில கார்டுகளைக் கொண்டு வரும். மூன்றின் கார்டுகளும் ஒன்றாகக் கலந்து உங்கள் டெக் ஆகிறது.

இந்த ஏற்பாட்டின் அழகு சட்டென்று பிடிபடாது. நீங்கள் எத்தனை ஸ்பிரிட்களைப் பிடித்தாலும் டெக் கனக்காது. கூட வருகிற மூன்றின் கார்டுகள் மட்டும்தான் கணக்கில் வரும். மற்றவை பின்னால் காத்திருக்கும். அதனால் பார்ப்பதையெல்லாம் பிடிக்கலாம், மனசு உறுத்தாது. நெருப்பு ஸ்பிரிட் ஒன்றை இறக்கிவிட்டு விஷ ஸ்பிரிட் ஒன்றை ஏற்றினால் கார்டுகளும் தானாக மாறிவிடும். டெக் கட்டத் தெரியாதவர்கூட, அணியை மாற்றி மாற்றிப் பார்ப்பதன் மூலம் தன்னை அறியாமலே டெக் கட்டிப் பழகுகிறார். பிடிக்கிற விதமும் சிந்தித்துச் செய்யப்பட்டது. சண்டையின் நடுவிலேயே எதிரில் நிற்கும் ஸ்பிரிட்டுக்கு அதற்கு ஒத்துப்போகும் விளைச்சலைத் தின்னக் கொடுத்து வசப்படுத்த வேண்டும். அது நீங்கள் தோட்டத்தில் வளர்த்த செடியாக இருக்கும். ஆக, காலையில் தண்ணீர் ஊற்றியதற்கும் மாலையில் ஒரு ஸ்பிரிட் உங்களோடு வந்து சேர்ந்ததற்கும் நேர்த் தொடர்பு உண்டு. விவசாயம், சண்டை, சேகரிப்பு என்று மூன்றை ஒரு கேமில் போடும்போது அவை தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பதே வழக்கம். இங்கே அப்படி இல்லை.

குறை எங்கே என்றால் சண்டையின் ஆழத்தில். கார்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவு, ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்கிற கார்டுகள் இல்லை. அணி கொஞ்சம் வளர்ந்ததும் பெரும்பாலான சண்டைகளை யோசிக்காமலே ஜெயிக்கலாம்; ஆனால் சண்டை மட்டும் தன் நேரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லே தி ஸ்பையரில் ஒவ்வொரு கார்டுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டு பழகியவர் இங்கே வந்தால், சண்டையைத் தோட்ட வேலைகளுக்கு நடுவே வருகிற இன்னொரு வேலையாகத்தான் பார்ப்பார். பிராணிகளோடு வாழ்வது முக்கியம், சண்டை அதற்குத் துணை என்று நினைப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்பது இன்ஸ்கிரிப்ஷன். டேனியல் மலின்ஸ் செய்து 2021 அக்டோபரில் வந்தது. இருட்டான ஒரு மரக் குடிசை; மேசைக்கு எதிரே கண்கள் மட்டும் தெரிகிற ஒருவர்; அவர் கதை சொல்ல, நீங்கள் கார்டு ஆடுகிறீர்கள். இங்கே பிராணியே கார்டு. ஓநாய், கரடி, தவளை, எல்லாம் நாலு கட்டங்கள் கொண்ட பலகையில் வந்து நிற்கும். தனக்கு நேர் எதிரே இருப்பதைத் தாக்கும். எதிரே காலியாக இருந்தால் அந்த அடி தராசில் விழும். தராசு உங்கள் பக்கம் ஐந்து எடை சாய்ந்தால் வெற்றி, எதிர்ப் பக்கம் சாய்ந்தால் தோல்வி.

ஒரு டர்னைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இந்த கேமின் குணம் புரியும். கையில் ஓநாய் இருக்கிறது. தாக்கும் பலம் 3, உயிர் 2, விலை இரண்டு ரத்தம். ரத்தம் என்றால், பலகையில் ஏற்கெனவே நிற்கிற உங்கள் பிராணிகளைப் பலி கொடுக்க வேண்டும். அதற்காகவே அணில் கார்டுகள் தனிக் கட்டாக வைக்கப்பட்டிருக்கின்றன: பலம் 0, உயிர் 1, விலை எதுவும் இல்லை. டர்ன் ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு கார்டு எடுக்கலாம். அதை உங்கள் டெக்கிலிருந்து எடுப்பதா, அணில் கட்டிலிருந்து எடுப்பதா என்பதே முதல் கேள்வி. அணிலை எடுத்தால் ஓநாயை இறக்க முடியும், ஆனால் அதற்குப் பின்னால் இறக்க ஒன்றும் இருக்காது. டெக்கிலிருந்து எடுத்தால் நல்ல கார்டு வரலாம், விலை கொடுக்க அணில் இருக்காது. எதிராளி அடுத்து எதை இறக்கப் போகிறார் என்பதும் மேல் வரிசையில் முன்கூட்டியே தெரிகிறது. எல்லாம் தெரிந்தும் முடிவெடுக்கத் திணறுவோம். ஓநாயை இறக்கி, காலியான கட்டத்துக்கு எதிரே நிறுத்தி, மூன்று எடை தராசில் விழும் சத்தத்தைக் கேட்பதில் இருக்கிற திருப்தி மற்ற கேம்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

சேர்ப்பதற்கும் குறைப்பதற்கும் நடுவில் உள்ள முடிச்சை இன்ஸ்கிரிப்ஷன் அவிழ்க்கவே இல்லை. அதை இன்னும் இறுக்கி, அதையே கதையாக்கியிருக்கிறது. வழியில் ஒரு கல் மேடை வரும். அதில் ஒரு பிராணியைப் பலியிட்டால், அதன் தனித் திறமை இன்னொரு பிராணிக்குப் போய்ச் சேரும். ஒரே மாதிரி இரண்டு கார்டு இருந்தால் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடுகிற இடம் ஒன்று உண்டு. பசியோடு சில ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நெருப்பின் அருகே உங்கள் பிராணியை நிறுத்தினால் அதன் பலம் கூடும். பேராசைப்பட்டு இன்னொரு தடவை நிறுத்தினால் அவர்கள் அதைத் தின்றுவிடவும் கூடும். ஸ்டோட் என்ற சிறு மிருகத்தின் கார்டு வாய் திறந்து உங்களோடு பேசுகிறது, பலி கொடுக்கப் போகும்போது ஆட்சேபிக்கிறது. பேசாத கார்டாக இருந்தால் யோசிக்காமல் கழித்திருப்பீர்கள். டெக்கை மெலிய வைப்பது கார்டு கேம்களில் வெறும் கணக்கு. இங்கே அது நீங்கள் வளர்த்த ஒன்றை இழப்பது. கேம் டெவலப்பர்களின் மாநாட்டில் 2022-இல் ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதும், சுயாதீன கேம்களுக்கான பெரும் பரிசும் இதற்கே கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிராணிகளைச் சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் சுகத்துக்காக வருபவர்களுக்கு இது கிடையாது. தோற்றால் டெக் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பயமும் ரத்தமும் நிறைய. தராசில் எடை போதாவிட்டால் குறடால் உங்கள் பல்லையே பிடுங்கி வைக்கிற கட்டம் உண்டு. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேல் கேம் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். எப்படி என்று சொன்னால் சுவை போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன். முதல் பகுதியின் சண்டை மட்டும் போதும் என்பவர்களுக்காக 2022 மார்ச்சில் கேசீஸ் மாட் என்ற இலவசச் சேர்க்கை வந்தது. அதையே மாதக்கணக்கில் ஆடலாம்.

வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ் வரிசையின் மூன்றாவது கேமான தி பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன் இன்னொரு வழியில் போகிறது. 2022 செப்டம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது. படைப்பு இயக்குநர் யோகோ தாரோ. உலகம் முழுவதுமே கார்டுதான். காடு, ஊர், மனிதர்கள், கவிழ்த்து வைத்த வரைபடம், எல்லாம் கார்டு. நீங்கள் ஒரு காயை நகர்த்த நகர்த்தச் சுற்றியுள்ள கார்டுகள் திரும்பி நிலம் தெரியவரும். கதாபாத்திரங்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டே வரும். முந்தைய இரண்டை ஆடாமலே இதை ஆடலாம்.

தோற்றத்தைப் பார்த்து இதை டெக் கட்டும் கேம் என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான். இங்கே டெக் கலைப்பதும் இல்லை, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் எடுப்பதும் இல்லை. தோற்கடித்த மான்ஸ்டர் சில சமயம் கார்டாக உங்களிடம் வந்து சேரும். அதை ஒரு கதாபாத்திரத்துக்குத் திறமையாகப் பொருத்தினால், அவர் முறை வரும்போது அந்த மான்ஸ்டரை ஏவலாம். அதற்கு ரத்தினங்களைச் செலவழிக்க வேண்டும். பழைய ஜப்பானிய ஆர்பிஜிகளில் மந்திரம் போடுவது போலத்தான். ஆக, இங்கே சேகரிப்பு டெக்கைத் தொந்தரவு செய்யாததற்குக் காரணம், டெக்கே இல்லை என்பது. ஒரே மான்ஸ்டர் வேறு வேறு நட்சத்திர அளவில் கிடைக்கும் என்பதால், நல்லது வரும்வரை அதே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடத் தோன்றும். அப்படிப் போடுவது அவ்வளவு சுவாரசியம் இல்லை. கதைக்காக எடுங்கள். மான்ஸ்டர்களால் ஊரை இழந்த ஒரு பெண் அதே மான்ஸ்டர்களைக் கையில் ஏந்திச் சண்டை போடுகிறாள் என்ற கருவை இந்தச் சேகரிப்பு முறை நன்றாகவே தாங்குகிறது. நிதானமான, சோகமான கதைகள் பிடிப்பவர்களுக்குச் சில மாலைப்பொழுதுகள் நன்றாகப் போகும்.

பழைய கேம் ஒன்றைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. போக்கிமான் டிரேடிங் கார்டு கேம், நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான கேம் பாய் கலருக்காக வந்தது. ஜப்பானில் 1998 டிசம்பரில், அமெரிக்காவில் 2000 ஏப்ரலில். 2023 ஆகஸ்டிலிருந்து ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலும் கிடைக்கிறது. டாக்டர் மேசன் ஒரு தொடக்க டெக் கொடுத்து அனுப்ப, எட்டு கிளப்களின் தலைவர்களை ஜெயித்து, கடைசியில் நால்வரை எதிர்கொள்ள வேண்டும். ஜெயித்தால் பூஸ்டர் பாக்கெட், அதாவது உள்ளே என்ன என்று தெரியாத கார்டு உறை, கிடைக்கும். புல்லில் நடந்து பிடிப்பது என்பதே கிடையாது. பாக்கெட்டைப் பிரித்துத்தான் சேகரிக்க வேண்டும். அதைப் பிரிக்கும்போது வருகிற படபடப்புக்கு இதில் நிஜப் பணம் ஒரு துளிகூடச் செலவாகாது என்பது இன்றைக்கு யோசித்தால் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இங்கே டெக் சரியாக 60 கார்டு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே பெயரில் அதிகபட்சம் நாலு. தாக்குதலுக்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் கணக்கில்லை. ஆக, மெலிய வைக்கும் வேலையை எண்ணிக்கையில் செய்ய முடியாது, வகையில் செய்ய வேண்டும். அங்கேதான் சேகரிப்பவர் மனசு அடிபடுகிறது. எல்லோருக்கும் பிடித்த சாரிசார்டைப் பாருங்கள். உயிர் 120, ஃபயர் ஸ்பின் அடித்தால் 100. ஆனால் முதல் டர்னில் சார்மாண்டரை இறக்கி, இரண்டாவதில் சார்மிலியன் ஆக்கி, மூன்றாவதில் சாரிசார்ட் ஆக்க வேண்டும். டர்னுக்கு ஓர் எனர்ஜிதான் வைக்கலாம் என்பதால் அந்த அடிக்குத் தேவையான நாலு நெருப்பு எனர்ஜி சேர நாலாவது டர்ன் ஆகும். தேவையான கார்டெல்லாம் சரியான நேரத்தில் கைக்கு வந்தால்தான் அதுவும். எதிரே ஹிட்மான்சான் நிற்கிறது என்று வையுங்கள். பரிணாமம் தேவையில்லை, உயிர் 70, ஓர் எனர்ஜிக்கு 20 அடி, முதல் டர்னிலிருந்தே. 50 உயிர் உள்ள சார்மாண்டர் மூன்று அடியில் காலி. அந்தக் காலத்தில் கார்டு ஆட்டத்தில் ஹேமேக்கர் என்று பெயர் வாங்கிய டெக் இந்தக் கணக்கில்தான் நின்றது: ஹிட்மான்சான், எலக்டபஸ், சைதர் போன்ற பரிணாமம் வேண்டாத சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சீக்கிரமாக அடித்து முடிப்பது.

இந்தக் கசப்பு தெரிந்தேதான் இந்த கேமைப் பரிந்துரைக்கிறேன். கம்ப்யூட்டர் எதிராளிகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. அதனால் உங்களுக்குப் பிடித்த சாரிசார்டை வைத்தே முழு கேமையும் ஜெயிக்க முடியும். கூர்மையான டெக்கா, ஆசைப்பட்ட டெக்கா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கேம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. டெக் கட்டும் கலையை நிதானமாகப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. படம் பழசு, மெனுக்கள் மெதுவானவை. அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

போக்கிமான் டிசிஜி (டிரேடிங் கார்டு கேம்) பாக்கெட் என்ற கேமையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபர் இறுதியில் போன்களுக்கு வந்த அதில் டெக் 20 கார்டு, எனர்ஜி கார்டே கிடையாது, மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. ஆட்டம் விறுவிறுப்பு, கார்டுகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது ஆர்பிஜி அல்ல. போக ஊரில்லை, சந்திக்க ஆளில்லை. தினமும் இலவசமாக இரண்டு பாக்கெட் பிரிக்கலாம். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் நிஜப் பணம். சேகரிக்கும் ஆசை கட்டுக்கடங்காது என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

லாஸ்ட் கிங்டம்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். பின்னாளில் டார்க் சோல்ஸும் எல்டன் ரிங்கும் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் 2002-இல் கேம்கியூப் கருவிக்கு மட்டும் செய்தது. காட்டியா என்ற இளவரசி ஓடிக்கொண்டே கார்டு வீசுவாள், கார்டிலிருந்து பிராணி கிளம்பித் தாக்கும். டர்ன் கிடையாது, நிகழ்நேரச் சண்டை. வீசிய கார்டு செலவாகிவிடும் என்பதால், எத்தனை பிராணி சேர்த்திருக்கிறீர்கள் என்பதே உங்கள் மூச்சு. சேகரிப்பையும் சண்டையையும் அவ்வளவு நேரடியாகக் கட்டிப்போட்ட கேம் அது. பழைய கருவி வைத்திருப்பவர்கள் தேடிப் பிடிக்கலாம்; மற்றவர்களுக்கு இன்று அது நடைமுறைத் தேர்வாகாது.

சரி, இவற்றில் எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை என்றால்? அப்போது, கார்டு கட்டாயம் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு உண்மையில் வேண்டியது கார்டு இல்லை, சண்டையில் யோசிக்க நிறைய இருக்க வேண்டும் என்பதுதான். அவர்களுக்கு 2020 டிசம்பரில் முழுமையாக வந்த மான்ஸ்டர் சாங்சுவரி போதும். மூன்றுக்கு மூன்று சண்டை. ஒரு டர்னில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின் பலத்தைக் கூட்டும், அதனால் யார் முதலில் அடிப்பது, யார் கடைசியில் என்பதே பெரிய யோசனை. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் கிளைவிட்டுப் போகும் திறமை மரம் உண்டு. நன்றாகச் சண்டை போட்டால் அதிக நட்சத்திரம், அதிக நட்சத்திரத்துக்கு அரிய முட்டை கிடைக்கும் வாய்ப்பு. பிடிப்பதற்கும் நன்றாக ஆடுவதற்கும் அங்கே முரண்பாடே இல்லை. 2023-இல் வந்த கேசட் பீஸ்ட்ஸும் கிட்டத்தட்ட இதே மனசுக்காரர்களுக்கு. மான்ஸ்டர்களைக் கேசட்டில் பதிவு செய்து, திறமைகளை ஸ்டிக்கராக உரித்து இன்னொன்றில் ஒட்டலாம். எந்த இரண்டையும் ஒன்றாக இணைக்கலாம். அந்த ஸ்டிக்கர்களை மாற்றி மாற்றி ஒட்டும்போது கிடைப்பது டெக் கட்டும் மகிழ்ச்சியேதான்.

என் முடிவைக் கேட்டால்: இரண்டும் சம அளவில் வேண்டும், ஒரே ஒரு கேம்தான் எடுப்பேன் என்பவருக்கு மூன்ஸ்டோன் ஐலண்ட். பிடிப்பதும் கார்டும் அதில்தான் ஒரே அச்சில் சுழல்கின்றன. சண்டை இலகுவானது என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும். கார்டு சண்டைதான் உயிர் என்பவர் தயங்காமல் இன்ஸ்கிரிப்ஷனை எடுக்கலாம். இந்தக் கட்டுரையில் வரும் கேம்களில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான். டெக் கட்டுவதே புதுசு, அல்லது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து ஆட வேண்டும் என்றால் பழைய போக்கிமான் கார்டு கேம். பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன் கதைக்காக மட்டும்.

இனிமேல் வரப்போகிற கேம்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். இந்த இரண்டையும் கலக்கும் முயற்சிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பல முழுமையடைவதற்கு முன்பே விற்பனைக்கு வருகின்றன. இலவச டெமோவும் பெரும்பாலும் இருக்கும். டெமோவில் மான்ஸ்டர்களின் உருவத்தில் மயங்கிவிடாமல், ஒன்றைப் பிடித்த உடனே டெக்கைத் திறந்து பாருங்கள். பிடித்தது தானாக டெக்கில் நுழைந்துவிட்டதா? நுழைந்திருந்தால், அதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா, அதற்கு என்ன விலை? எடுக்க வழியே இல்லை, ஆனால் பிடிக்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருக்கிறது என்றால், பத்து மணி நேரத்துக்கு அப்புறம் உங்கள் கையில் வேண்டாத கார்டுகளாகவே வந்துகொண்டிருக்கும். அந்த கேமை, அதில் கார்டு நீக்கும் வசதி வரும்வரை, விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் போதும்.